வீட்டுத் தோட்டத்தில் மசூர் பருப்பு: குளிரில் தொடங்கி வெயிலில் முடிகிற பயிர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வேண்டிய பருப்பு முழுவதையும் தோட்டத்திலேயே எடுத்துவிடலாம் என்ற கணக்கோடு மசூர் போடாதீர்கள். வயலில் பயிரிடும்போதே உலக அளவில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1 டன்தான். அதாவது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிராம். அந்த இடத்தில் 100 செடி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் செடிக்கு ஒரே ஒரு கிராம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் கூட வரலாம், ஆனாலும் டப்பா நிறையாது.

அப்புறம் எதற்கு இந்த வேலை என்றால், காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் பாத்தியில் வரும், தண்ணீர் அதிகம் கேட்காது, உரம் கேட்கவே கேட்காது, போகும்போது மண்ணைக் கொஞ்சம் நல்ல நிலையில் விட்டுவிட்டுப் போகும். பச்சையாக இருக்கும்போதே உரித்து எடுக்கும் மசூர் மணி கடையில் பெரும்பாலும் கிடைக்காத ஒன்று. இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள், செடி பார்க்க அவ்வளவு அழகு. முழங்கால் உயரம்கூட வராது, இலை இறகு மாதிரி மெல்லியது, பூ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

இந்தச் செடியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்பது. மசூர் மேற்கு ஆசியாவில் பிறந்த பயிர். மனிதர்கள் முதன்முதலில் பயிரிடத் தொடங்கியவற்றில் கோதுமை, பார்லியோடு இதுவும் ஒன்று. அந்தப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டு கிடக்கும். ஆக, ஈரமான குளிர் மண்ணில் முளைத்து, குளிரில் மெதுவாக வளர்ந்து, லேசாகச் சூடு ஏறும்போது பூத்து, வறண்ட வெயிலில் காய்ந்து முடிப்பதுதான் இதன் பழக்கம். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த வரிசையை உங்கள் தோட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான். எங்கே தடுமாறினாலும் இதற்குத் திரும்பி வந்து யோசித்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

எப்போது விதைப்பது

நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், வெப்பநிலையைப் பாருங்கள். விதைத்ததிலிருந்து அறுவடைக்கு 80 முதல் 110 நாள் ஆகும், குளிர் அதிகமான இடத்தில் இன்னும் நீளும். பூ வரும் நேரத்தில் வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பூ கொட்டும், காய் பிடிக்காது. அதனால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: உங்கள் பகுதியில் நல்ல வெயில் எப்போது தொடங்குகிறது, அதற்கு மூன்று மூன்றரை மாதம் முன்னால் எந்த நாள் வருகிறது, அதுதான் விதைக்கும் நாள்.

வெப்பமான பகுதி என்றால் மழைக்காலம் ஓய்ந்து, இரவில் குளிர ஆரம்பித்ததும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே போட்டுவிட வேண்டும். உறைபனி விழும் பகுதி என்றால் வசந்தத்தின் தொடக்கத்தில், கடைசி உறைபனிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விதைக்கலாம். மண் 5 டிகிரி இருந்தாலே முளைக்கத் தொடங்கிவிடும், 18 முதல் 21 டிகிரி இருந்தால் ஒரு வாரத்தில் தலை காட்டும். லேசான உறைபனியை இளஞ்செடி தாங்கும். அப்படியே மேல் பகுதி கருகினாலும் பயப்பட வேண்டாம், பருப்பும் அதையொட்டிய முதல் கணுக்களும் மண்ணுக்குள்ளேயே இருப்பதால் அங்கிருந்து மறுபடி துளிர்விடும். குருவி வந்து குருத்தைக் கொத்திவிட்டுப் போனாலும் இதே கதைதான், பிடுங்கி எறிந்துவிட்டு வேறு விதை போட அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

வருடம் முழுக்கச் சூடாகவே இருக்கும் இடத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் நேராகச் சொல்கிறேன், மசூரை விட்டுவிடுங்கள். நிழல்வலை கட்டி, தண்ணீர் தெளித்து, எப்படியாவது ஏமாற்றிவிடலாம் என்று தோன்றும், செடியும் வரும், காய்தான் வராது. அந்த இடத்துக்கு பச்சைப்பயறு, தட்டைப்பயறு, உளுந்து எல்லாம் இருக்கின்றன, அவை சூட்டையே விரும்பும் பயிர்கள்.

விதை

கடைக்குப் போய் விதைப் பாக்கெட் தேட வேண்டிய அவசியமில்லை, சமையலுக்கு வாங்கும் முழு மசூரே போதும். ஆனால் முழு மசூர், தோலோடு இருப்பது, பழுப்பாகவோ பச்சையாகவோ இருக்குமே அது. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பருப்பு தோல் நீக்கியது, பெரும்பாலும் இரண்டாக உடைத்தது. அது முளைக்காது, எத்தனை நாள் ஊற வைத்தாலும் முளைக்காது. உடைக்காமல் முழு உருண்டையாக ஆரஞ்சு நிறத்தில் விற்பதும் தோலை இழந்ததுதான், அதையும் நம்ப வேண்டாம்.

சமையல் பருப்பில் ஒரு சிக்கல் உண்டு, எவ்வளவு பழையது என்று தெரியாது. அதனால் பாத்தி தயார் செய்வதற்கு முன்னாலேயே 20 விதையை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாளில் 16க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 10 அல்லது 12 என்றால் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டு ஈடுகட்டலாம். அதற்கும் கீழே என்றால் அந்தப் பருப்பைச் சமைத்துவிடுங்கள், வேறு வாங்குங்கள்.

விதைக்கு எடுக்கும்போது ஒரு தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது. ஓட்டை விழுந்தது, சுருங்கியது, நசுங்கியது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். நிறமோ வடிவமோ வித்தியாசமாக, உருண்டையாக இருக்கும் ஒன்றிரண்டு மணிகள் கண்ணில் படலாம், அவை காட்டுப் பயறு வகைக் களைகளின் விதையாக இருக்கக்கூடும், முளைத்த பிறகு இலையைப் பார்த்து மசூரிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். இப்போதே எடுத்துப் போட்டுவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

பெயர் போட்ட ரகம் விதையாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் உங்கள் பகுதியில் பயிராகும் ரகமா என்று பாருங்கள். மசூர் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி, பகல் நீண்டால் சீக்கிரம் பூக்கும். வெகு வடக்கே நீண்ட பகலுக்குப் பழகிய ரகத்தைக் கொண்டுவந்து, குளிர்காலத்தில் பகல் குறுகிய இடத்தில் போட்டால் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும், பூக்க நினைக்கும் நேரத்தில் வெயில் வந்துவிடும்.

ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு விதை? சிறு மணி ரகம் 1000 விதை ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். 100 செடிக்கு 3 கிராம். முளைக்காதது, பறவை தின்றது எல்லாம் சேர்த்து 5 கிராம் போதும், ஒரு தேக்கரண்டிக்கு அதிகம் தேவைப்படாது.

மண்ணும் தொட்டியும்

மண் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க வேர் தண்ணீரில் நின்றாலே செடி மஞ்சளாகத் தொடங்கும், இரண்டு மூன்று நாள் நின்றால் போய்விடும். களிமண் என்றால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். கார அமிலத்தன்மை 6 முதல் 8 வரை எதுவானாலும் சரி. உப்பு மட்டும் ஆகாது, உவர்ப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும்.

தொட்டி என்றால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் போதும், அகலமான தட்டு மாதிரித் தொட்டியோ, செவ்வகமான க்ரோ பேக்கோ நல்லது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் எட்டு முதல் பத்து செடி வைக்கலாம். ஒரே ஒரு தொட்டி வைத்தால் கையளவுகூட வராது, ஆசைக்கு வேண்டுமானால் வைக்கலாம். தேங்காய் நார்க்கழிவு கலக்கிறீர்கள் என்றால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கலக்குங்கள், அதில் உப்பு இருக்கும்.

இப்போது உரம். இங்கேதான் தோட்டக்காரர்களின் அன்பு செடிக்கு எமனாக வருகிறது. தக்காளிக்கும் கத்தரிக்கும் கொடுப்பதுபோல மண்புழு உரத்தை அள்ளிப் போட்டால் செடி கிடுகிடுவென்று வளரும், அடர்பச்சையாக இருக்கும், பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள், பிறகு சாய்ந்து விழும், காய் பிடிப்பது சொற்பம். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வெளியிலிருந்து கிடைத்துவிட்டால் இது தன் வேர் முடிச்சுகளை உருவாக்கவே மெனக்கெடாது. முந்தைய பயிருக்கு உரம் போட்ட பாத்தி என்றால் ஒன்றுமே வேண்டாம். வெறும் மண் என்றால் நன்கு மக்கிய தொழு உரம் லேசாக ஒரு கைவீச்சு, கூடவே மணிச்சத்துக்கு எலும்புத்தூள் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

வேர் முடிச்சு

காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது ரைசோபியம் என்ற பாக்டீரியா. பயறு வகைக்கு ரைசோபியம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் எல்லாப் பயறுக்கும் ஒரே வகை ஒத்துவராது. மசூருக்கு வேண்டியது பட்டாணியின் வேரில் வாழும் அதே வகை. உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் என்று விற்கும் ரைசோபியம் தூள் பாக்கெட்டை மசூருக்குப் போட்டால் ஒரு கெடுதலும் இல்லை, ஒரு பயனும் இல்லை. வாங்கும்போது பட்டாணிக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

பட்டாணி நன்றாக விளைந்த பாத்தி உங்களிடம் இருந்தால் பாக்கெட்டே தேவையில்லை, அந்த மண்ணில் ஏற்கனவே இருக்கும். அங்கிருந்து இரண்டு கை மண் எடுத்து மசூர் பாத்தியில் கலந்தால் போதும், அந்தப் பட்டாணிக்கு வாடல் நோய் வராமல் இருந்திருக்க வேண்டும், அது முக்கியம்.

பாக்கெட் கிடைத்தால், விதையின் மேல் சர்க்கரைத் தண்ணீரை லேசாகத் தெளித்து, தூளைத் தூவிப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். வெயிலில் காய வைத்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு, செய்து பார்ப்பதும் சுவாரசியம். விதைத்து ஐந்து ஆறு வாரம் கழித்து, பூ வருவதற்கு முன்னால், ஓரத்தில் இருக்கும் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் வேரை அமிழ்த்தி ஆட்டினால் மண் கரைந்து, நூல் வேர்களில் கடுகுபோலவும் அதைவிடச் சிறிதாகவும் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் தோய்ந்த மாதிரி இருந்தால் வேலை நடக்கிறது, நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறம். வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது வேலை செய்யாத வகை. பச்சையாக இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. முடிச்சே இல்லை, செடியும் வெளிறிக் கிடக்கிறது என்றால் மட்டும் மண்புழு உரம் கரைத்த தண்ணீரை நீர்க்க ஊற்றலாம்.

விதைப்பது

நேரடி விதைப்புதான், நாற்று வேண்டாம். வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், வரிசைக்குள் விதைக்கு விதை 4 சென்டிமீட்டர், ஆழம் 2 முதல் 4 சென்டிமீட்டர். மண் லேசாக இருந்தால் கொஞ்சம் ஆழமாக, கனமாக இருந்தால் மேலாக. ஊற வைக்க வேண்டுமா என்று கேட்டால், ஈரமண் என்றால் வேண்டாம். காய்ந்த மண் என்றால் முதல் நாளே மண்ணை நனைத்து வைப்பதே மேல். ஊற வைத்தே ஆக வேண்டும் என்றால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் பருப்பு பிளந்து அழுகும்.

ஏன் இவ்வளவு நெருக்கம் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. மசூர் இலையின் நுனியில் மெல்லிய பற்றுக்கம்பி இருக்கும். தனியாக நின்றால் தள்ளாடும், நெருக்கமாக நின்றால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு எல்லாமே நிற்கும். காற்று அதிகமுள்ள மாடியில் இடையிடையே சிறு குச்சிகளைச் சொருகிவிட்டால் இன்னும் நல்லது. சாய்ந்து மண்ணைத் தொட்ட காய்கள் ஈரத்தில் அழுகிவிடும்.

முளைக்கும் வரைக்கும் பறவைக்கு ஒரு வலை போட்டுவிடுங்கள்.

முதல் ஒன்றரை மாதம்: களை

இந்தப் பயிரில் உண்மையான உழைப்பு இரண்டு இடத்தில்தான், களையெடுப்பதும் கடைசியில் காயை அடித்து மணியெடுப்பதும். மசூர் ஆரம்பத்தில் ரொம்ப மெதுவாக வளரும். மூன்று வாரம் ஆகியும் நாலு விரல் உயரம்தான் இருக்கும், பக்கத்தில் முளைத்த புல் அதற்குள் தலைக்கு மேல் போயிருக்கும். நிழல் விழுந்தால் மசூர் போராடாது, அப்படியே ஒடுங்கிவிடும். அதனால் முதல் ஐந்து ஆறு வாரத்துக்கு வாரம் ஒரு முறையாவது களையெடுங்கள், களை விரல் நீளம் இருக்கும்போதே. பெரிதான பிறகு பிடுங்கினால் பக்கத்தில் இருக்கும் மசூரின் வேரும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட களையைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் அடியில் நறுக்கிவிடுவது நல்லது. வரிசைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து மூடிவிட்டால் பிறகு கை வைக்கவே வேண்டியதில்லை.

தண்ணீர்

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வார்களே, மசூருக்கு அதில் காய்ச்சல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், மேல் இரண்டு கணு அளவுக்குக் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஊற்றும்போது அடிவரை நனையும்படி ஊற்றுங்கள். தினமும் பூவாளியால் மேலாகத் தெளிப்பது வேண்டாம், வேர் மேலேயே தங்கிவிடும், இலை ஈரமாகவே இருந்தால் பூஞ்சணமும் வரும். காலையில், செடியின் அடியில்.

தண்ணீரை மறக்கவே கூடாத நேரம் ஒன்று உண்டு, பூ விட்டு காய் பிடிக்கும் இரண்டு மூன்று வாரம். அப்போது மண் வறண்டால் நேராக மகசூலில் அடி விழும். அதற்குப் பிறகு, அடியில் உள்ள காய்கள் வெளிறத் தொடங்கியதும், தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இது பலருக்குக் கை வராது. செடி வாடுகிறதே என்று மனசு கேட்காமல் ஊற்றுவோம், அது உடனே மறுபடி பூக்க ஆரம்பிக்கும். மசூர் தானாக வளர்ச்சியை நிறுத்தும் செடி இல்லை, ஈரம் இருக்கும் வரை உச்சியில் புதிதாகத் துளிர்த்துக்கொண்டும் பூத்துக்கொண்டும் இருக்கும், கீழே முற்றிய காய் வெடித்து மணி கொட்டிக்கொண்டும் இருக்கும். ஒரே சமயத்தில் காய வேண்டும் என்றால் நாம்தான் தாகத்தைக் காட்ட வேண்டும்.

பூவும் காயும்

விதைத்து ஆறேழு வாரத்தில் பூ வரத் தொடங்கும். இலைக் கோணத்திலிருந்து நூல் மாதிரி ஒரு காம்பு, அதில் ஒன்று முதல் மூன்று பூ. வெள்ளை, அல்லது வெளிர் ஊதா. குனிந்து பார்த்தால்தான் தெரியும். தேனீ வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், பூ விரிவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தச் சேர்க்கை முடித்துக்கொள்ளும். விதையை வருடா வருடம் எடுத்து வைத்தாலும் ரகம் மாறாமல் வருவதற்கும் இதுதான் காரணம்.

காய் தட்டையாக, ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம், சாய்சதுரம் மாதிரி. உள்ளே ஒன்று அல்லது இரண்டு மணி. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் மணியின் நிழல் உள்ளே தெரியும். மணி பெரிதாகிக் காய் இன்னும் பச்சையாக இருக்கும்போது கொஞ்சம் பறித்து உரித்துப் பாருங்கள், பச்சைப் பட்டாணி போல இனிக்கும். பச்சையாக நிறையச் சாப்பிட வேண்டாம், இரண்டு கொதி விட்டு எடுங்கள். சும்மா சொல்லவில்லை, இந்த ஒரு வாரத்துக்காகவே மசூர் போடலாம். ஆனால் காய்க்கு ஒரு மணி இரண்டு மணி என்று உரிப்பதால் ஒரு கிண்ணம் சேர்வதற்குள் பொறுமை போய்விடும், கூட யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியும் நோயும்

வீட்டுத் தோட்டத்தில் முதலில் வருவது அசுவினி. இளங்குருத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், சில வைரஸ் நோய்களையும் பரப்பும். ஆரம்பத்திலேயே பார்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி விழுந்துவிடும், மிச்சத்துக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். பொறிவண்டு நடமாடுகிறது என்றால் எதையும் தெளிக்காமல் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், அவையே முடித்துவிடும். காய்ப்புழு வந்தால் ஓட்டை போட்ட காய்களைக் கையால் பறித்து அழிப்பதே போதும், நம் பாத்தி அளவுக்கு மருந்து தேடிப் போக வேண்டியதில்லை.

இலையில் பழுப்புப் புள்ளி, துரு மாதிரித் தூள், சாம்பல் பூசணம், இவை மூன்றும் ஈரமும் காற்றோட்டக் குறைவும் சேர்ந்தால் வரும். கீழ் இலைகளைக் கிள்ளி எறிந்து, தண்ணீரைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். மோசமானது வாடல் நோய். மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி தலையைத் தொங்கப் போடும், இரண்டு நாளில் காய்ந்துவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், மக்கு உரக் குழியில் போடாதீர்கள், அந்த இடத்தில் மூன்று நாலு வருடத்துக்கு மசூர் போடாதீர்கள்.

அறுவடை

செடியில் மூன்றில் ஒரு பங்கு காய், அதாவது அடியில் இருப்பவை, பழுப்பாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்டால் நாள் வந்துவிட்டது. உச்சியில் இருப்பதும் காயட்டும் என்று காத்திருந்தால் கீழே உள்ள நெற்று வெடித்து நல்ல மணியெல்லாம் மண்ணில் போய்விடும். உச்சியில் வெளிர்மஞ்சளாக இருப்பவை அறுத்த பிறகு செடியிலேயே முற்றிக்கொள்ளும். மழை வரும் அறிகுறி இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே அறுத்துவிடுவது புத்திசாலித்தனம், காய்ந்த நெற்று நனைந்தால் மணி நிறம் மாறும், சில சமயம் காய்க்குள்ளேயே முளைக்கும்.

காலையில், பனி ஈரம் இருக்கும்போதே அறுங்கள். வெயில் ஏறிவிட்டால் தொட்டதும் நெற்று வெடிக்கும். பிடுங்க வேண்டாம், அடியில் நறுக்குங்கள். வேர் மண்ணிலேயே இருந்தால் மண்ணுக்கு லாபம் என்பது ஒரு காரணம், அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது: பிடுங்கினால் வேரோடு வரும் மண் காய்ந்து உடைந்து, சரியாக மசூர் அளவுக்கு, மசூர் நிறத்திலேயே சின்னச் சின்னக் கட்டிகளாக மணியோடு கலந்துவிடும். புடைத்தால் போகாது, கண்ணுக்கும் தெரியாது, சாப்பிடும்போது பல்லில்தான் தெரியும்.

அறுத்ததைச் சிறு கட்டுகளாகக் கட்டி, ஒரு பழைய தலையணை உறைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், உதிரும் மணி உறைக்குள்ளேயே விழும். காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் பத்து நாள். தண்டு ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும்.

அப்புறம் அதே உறையைத் தரையில் போட்டுக் குச்சியால் தட்டுங்கள், அல்லது மேலே நின்று மெதுவாக மிதியுங்கள். வேகமாக அடித்தால் மணி இரண்டாகப் பிளக்கும், சமையலுக்குப் பரவாயில்லை, விதைக்கு ஆகாது. தண்டைக் கையால் எடுத்துவிட்டு, மிச்சத்தை முறத்தில் போட்டுப் புடைக்கலாம். புடைக்கத் தெரியாதவர்கள் மின்விசிறிக்கு முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் பொட்டு, அதாவது காய்த்தோலும் தூளும், பறந்துவிடும். இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள், தூசி ஒரு வாரம் போகாது.

கையில் மிஞ்சுவது தோலோடு உள்ள முழு மணி. கடையில் பார்க்கும் ஆரஞ்சு நிறம் வேண்டுமென்றால் தோலை நீக்க வேண்டும், வீட்டில் அது தேவையில்லாத வேலை. முழுதாகவே வேகும், வெந்தாலும் குழையாமல் நிற்கும், ருசியும் கூடுதல்.

சேமிப்பு

நிழலிலோ இளம் வெயிலிலோ இன்னும் சில நாள் உலர்த்துங்கள். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது, சுக்காக உடைந்தால் சரி. அதற்குப் பிறகும் டப்பாவில் போட அவசரப்பட வேண்டாம், பயறு வண்டு என்று ஒரு ஆள் இருக்கிறார். பச்சைக் காயிலேயே முட்டையிட்டுவிடும் வகையும் உண்டு, அதனால் நீங்கள் எவ்வளவு சுத்தமாக மூடி வைத்தாலும் உள்ளேயே இருந்து ஒரு மாதம் கழித்து மணிக்கு மணி வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். நன்றாக உலர்ந்த மணியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மைனஸ் 18 டிகிரி இருக்கும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்த உடனே திறக்காதீர்கள், அறையின் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் மணியின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். உலர்ந்த விதையின் முளைப்புத் திறனை இந்தக் குளிர் கெடுக்காது, ஈரம் இருந்த விதையைத்தான் கெடுக்கும்.

அடுத்த பருவத்துக்கு விதை எடுப்பது என்றால் கடைசியில் மிஞ்சியதை எடுக்காதீர்கள், பாத்தியில் நிற்கும்போதே முதலில் காய்த்த, நேராக நின்ற, நோய் படாத செடிகளில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றைத் தனியாக அறுத்து, தனியாகத் தட்டி, வருடத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே போட்டு வைத்தால் குளிர்ச்சியான இடத்தில் மூன்று நாலு வருடம் முளைப்பு இருக்கும்.

பாத்தியில் வேர் மட்டும் இருக்கிறது, கிளற வேண்டாம். தட்டி எடுத்த தண்டையும் பொட்டையும் அங்கேயே மூடாக்காகப் பரப்பிவிட்டு, தழைச்சத்து கேட்கும் எதையாவது போடுங்கள், கீரையோ சோளமோ வெண்டையோ. மணியாக நாம் எடுத்துக்கொண்டது போக மண்ணில் விட்டுப்போகும் தழைச்சத்து பெரிய அளவு இல்லை, அதனால் அடுத்த பயிருக்கு உரமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.